கூழுக்கல்

திருவண்ணாமலை பஸ்தான் அம்மா, பயப்படாமல் உட்கார். நீ கீழே நின்றுகொண்டு கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் போர்டைப் படித்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். இந்த வயதில் உனக்கே எழுத்து தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது. போன வருஷம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். அதற்கப்புறம் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரும் பஸ்ஸின் பெயரை இங்கிருந்தே படித்துவிடுவேன். டாக்டர்கூடக் கேலி செய்தார். "உங்களுக்குக் கழுகுக் கண்ணு வந்துடுச்சும்மா, மருமகள் யாராவது இருந்தா பாவம்" என்றார். மருமகள் இல்லை. பிள்ளை இருந்தால்தானே மருமகள்.

அந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்து. என்னுடையதுதான். உள்ளே மோரும் சாரின் கட்டுரையும் இருக்கின்றன. சார் என்றால் என் கணவர். கல்லூரியில் இரண்டு பேரும் வாத்தியார்கள், அவர் சரித்திரம், நான் ஆங்கிலம். வீட்டிலும் அதே சார்தான்.

நான் கோர்ட்டுக்குப் போகிறேன். ஏன் அப்படிப் பார்க்கிறாய்? சாட்சி சொல்லத்தான். கொலை வழக்கு. தம்பி காரில் கூட்டிப்போகிறேன் என்றான், நான் மறுத்துவிட்டேன். காரில் அவனுடைய வக்கீலும் வருவார், வழி முழுக்க எனக்குப் பாடம் நடத்துவார். வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவளுக்கு இன்னொருவர் பாடம் நடத்துவதா?

தம்பியின் மேல்தான் வழக்கு. தண்டபாணி. ரைஸ் மில் வைத்திருக்கிறான். ஜாமீனில் இருக்கிறான். அவர்கள் என்னைக் கேட்கப்போவது ஒரே கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லைப் பற்றிக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. செத்தவனைப் பற்றியே கேட்கிறார்கள்.

எங்கள் ஊர் வெள்ளேந்தல். களத்து ஓரத்தில் புங்கமரத்தடியில் அந்தக் கல் கிடக்கிறது. படுத்திருக்கும் எருமையின் முதுகு மாதிரி கறுப்பு. அதன் மேலே வரிசையாகக் குழிகள். உள்ளங்கை அளவு, இரண்டு உள்ளங்கை அளவு. ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு விரல் அகலத்தில் ஒரு வாய்க்கால் ஓடும். மேட்டில் தொடங்கிச் சரிவில் முடியும். குழிக்குள் கைவிட்டுத் தடவினால் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும். எனக்குக் குழந்தை இல்லை. ஆனால் அந்த வழவழப்பு தெரியும்.

கல்யாணமாகி மாப்பிள்ளை விருந்துக்கு வந்த அன்று சார் அதைப் பார்த்தார். இலை போட்டுக் காத்திருக்கிறார்கள், மாப்பிள்ளையைக் காணோம். போய்ப் பார்த்தால் பட்டுவேட்டியோடு கல்லின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். "சௌந்தரம், இது மூவாயிரம் வருஷத்துக் கல்" என்றார். என்ன ஒரு குரல் அது! என்னிடம் வேறு எதையும் அந்தக் குரலில் அவர் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

பிறகு ஒரு புத்தகத்தில் அவருக்குப் படங்கள் கிடைத்தன. ஃபின்லாந்து, எஸ்தோனியா பக்கத்துக் கற்கள். அசல் இதே மாதிரி குழிகள். அங்கே ஏசு வருவதற்கு முன்னால் இருந்த ஜனங்கள் முதல் பாலையும் முதல் தானியத்தையும் அந்தக் குழிகளில் வைத்துக் கும்பிட்டார்களாம். பலி ரத்தம் ஊற்றினார்கள் என்றும் சொல்கிறார்கள். அவர்கள் பேசுவது ஃபின்னோ-உக்ரியக் குடும்பத்து மொழி. அதற்கும் தமிழுக்கும் ஆதியில் உறவு இருந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். மறுத்தவர்களும் நிறைய. சார் மறுத்தவர்களைப் படிக்கவில்லை.

அந்தக் கல்லுக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? குப்பிகிவி. கிவி என்றால் கல். அதைப் படித்ததும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்துவிட்டார். "குப்பி! சௌந்தரம், நம்ம குப்பி!" என்று எச்சில் கையை உயர்த்திக்கொண்டு வீடெல்லாம் நடந்தார். அவர் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு சென்னையில் ஒரு கருத்தரங்கம். அந்த நாட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தாள். நல்லவள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குப்பி என்பது எங்கள் சொல்லே இல்லை, சுவீடன்காரர்களிடம் வாங்கியது, இப்போது உங்கள் கையில் இருக்கிறதே காப்பிக் கோப்பை, அதற்கும் நாங்கள் குப்பி என்றுதான் சொல்வோம் என்றாள். சார் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். அதைக் குடிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் காப்பியே குடிக்கவில்லை.

ஆனால் விட்டுவிடவில்லை. அவர்கள் மொழியில் பொந்துக்குக் 'கோலோ'. நம்மிடம் குழி. கோலோ, குழி. சொல்லிப் பார், காதுக்குள் உருள்கிறதா இல்லையா? எனக்குச் சின்ன வயதிலிருந்தே சொற்களின் சத்தம் பிடிக்கும். அர்த்தம் அப்புறம்தான்.

அவருக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்று. அந்த வாய்க்கால். குழி சரி, ஒரு குழியை இன்னொன்றோடு எதற்காக இணைத்தார்கள்? பலி கொடுத்த ரத்தம் வரிசையாக ஓடுவதற்குத்தான் என்பது அவர் ஊகம். ஆனால் ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடுமே, அவ்வளவு சின்ன வாய்க்காலில் ஓடுமா என்று மற்ற அறிஞர்கள் கேட்டார்கள். அதற்குப் பதில் கிடைக்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கூழ் ஓடும் என்பது எனக்குத் தெரியும். நான்தானே ஊற்றினேன்.

ஆமாம், சின்னப் பெண்ணாக இருந்தபோது. நடவுக்கும் அறுப்புக்கும் காலனியிலிருந்து ஆட்கள் வருவார்கள். உச்சிப்பொழுதில் கூழ். எங்கள் வீட்டுப் பாத்திரத்தை அவர்களிடம் கொடுக்கும் வழக்கம் இல்லை, அவர்கள் பாத்திரம் எடுத்துக்கொண்டு களத்துக்கு வரும் வழக்கமும் இல்லை. அந்தக் காலம் அப்படி. அதற்காக யாரும் யாரையும் கஷ்டப்படுத்தவில்லை அம்மா. கல் இருந்தது, கல்லில் குழி இருந்தது, அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு குழி. என் அம்மா கூழ்த் தோண்டியை என் இடுப்பில் வைத்து அனுப்புவாள். மேட்டுக் குழியில் ஊற்றினால் நிறைந்து, வழிந்து, அடுத்ததற்குப் போய், அடுத்ததற்குப் போய் என்று கீழே வரைக்கும் போகும். எனக்கு அது விளையாட்டு. தொட வேண்டிய அவசியமே இல்லை.

கடைசிக் குழி கன்னியம்மாவுடையது. என் வயதுதான் அவளுக்கு. அங்கே போய்ச் சேருவதற்குள் கூழ் தண்ணீராகியிருக்கும். அதனால் அவளுக்கு மட்டும் நான் தனியாக ஊற்றுவேன். எவ்வளவு பிரியம் பார். குழி நிறைந்தபின் இரண்டு கையையும் குவித்துக் காட்டுவாள். அடியில் மிஞ்சிய கட்டியை அதில் விடுவேன். நிமிர்ந்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள் பார், மோவாயெல்லாம் கூழ். என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். "நாங்க நக்கி நக்கித்தான் சின்னம்மா இது இப்பிடி மின்னுது" என்பாள். நல்ல வேடிக்கைக்காரி. நான் அதைச் சாரிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். கட்டுரையில் மட்டும், பல நூற்றாண்டுச் சடங்கினால் ஏற்பட்ட மெருகு என்று எழுதினார். அதுதானே சரி? நாக்கால் கல் தேயுமா?

காலனியில் அதைக் கூழுக்கல் என்பார்கள். குழிக்கல் என்பது மருவிக் கூழுக்கல் ஆகிவிட்டது என்பது சாரின் விளக்கம். எங்கள் தாத்தா காலத்தில் ஆட்கள் அதிகமானபோது கல்தச்சனைக் கூப்பிட்டுக் கீழ்ப்பக்கம் சில குழிகள் கூடுதலாக வெட்டினார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதை நான் சாரிடம் சொல்லவில்லை. மனசு உடைந்துவிடும் மனுஷனுக்கு. தவிர, சில குழிகள்தானே. மற்றவை பழசுதான்.

அவர் போனபின் வீடு என்ன மாதிரி இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது. சத்தமே இல்லை. ஒரு நாள் தண்டபாணி வந்தான். "அக்கா, மாமா பேர்ல கல்லுக்கு ஒரு வேலி கட்டி, போர்டு வச்சு, விழா எடுத்துடலாம். பெரிய ஆளுங்களைக் கூப்பிடறேன்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பிக்கு என்மேல் அவ்வளவு பாசம். எனக்கு மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான். போர்டில் போடுவதற்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'தொன்மைக் குழிக்கல். ஃபின்னோ-உக்ரியத் தொடர்பு இருக்கலாம் எனக் கண்டவர் பேராசிரியர் திருஞானம்.' இருக்கலாம் என்றுதான் எழுதினேன். பொய் எழுதவில்லை.

போர்டு வைத்த மறுநாள் கன்னியம்மாவின் மகன் வந்தான். அம்பிகாபதி. ஜேசிபி ஓட்டுபவன். அவன் அம்மா இத்தனை வயதுக்குப் பிறகும் என்னைச் சின்னம்மா என்கிறாள். இவன் என்னை மேடம் என்றான்.

"மேடம், போர்டுல பேரு தப்பா இருக்குது."

"என்னப்பா தப்பு?"

"கூழுக்கல்னு இருக்கணும்."

"அது மருவின பேரு அப்பா. குழிக்கல்தான் மருவி…"

"எதுவும் மருவல மேடம். எங்கம்மா இன்னும் உசிரோடதான் இருக்குது."

நான் பொறுமையாகவே எல்லாவற்றையும் விளக்கினேன். ஃபின்லாந்து, கிவி, கோலோ. அவன் கேட்டுக்கொண்டான். கேட்டுவிட்டுச் சொல்கிறான், "அப்போ ஃபின்லாந்துக்காரன் வந்துதான் எங்கம்மாவுக்குக் கூழு ஊத்தினானா?" என்று.

"ஊத்தினது நான்தாம்பா" என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

"தெரியும் மேடம். அதைத்தான் கீழ ஒரு வரி போடுங்கன்னு சொல்றேன். யாரு குடிச்சாங்க, யாரு ஊத்தினாங்கன்னு. அப்புறம் நீங்க மேல என்ன வேணா எழுதிக்குங்க, நான் கேக்க மாட்டேன்."

நினைத்துப் பார் அம்மா. சாரின் பெயர் இருக்கும் போர்டில், வாழ்நாள் உழைப்புக்குக் கீழே, இன்னார் இதில் கூழ் குடித்தார்கள் என்று எழுதுவதா? ஆராய்ச்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். தண்டபாணியிடமும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. அவன் சிரித்தான். "எழுதிடலாம்க்கா. அவன் முதுகுல எழுதிடலாம்" என்றான். தம்பி எப்போதும் அப்படி ஏதாவது வேடிக்கையாகச் சொல்வான்.

விழா அன்று காலை. பந்தல் போட்டாகிவிட்டது, நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன, பெரியவர்கள் யாரும் வந்து சேரவில்லை. நான் கல்லின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குழியிலும் சாமந்தி இதழ்களைப் போட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சளும் கறுப்பும். அழகாக இருந்தது. அப்போது அம்பிகாபதி வந்தான். தோளில் சம்மட்டி.

வேலியைத் தாண்டினான். முதல் அடி மேட்டுப் பக்கத்து மூலையில் விழுந்தது. கல் உடையும்போது என்ன சத்தம் வரும் தெரியுமா? நான் டங்கென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இருமல் மாதிரி இருந்தது. வயதான ஒருவர் இருமுகிற மாதிரி. சார் கடைசிக் காலத்தில் அப்படித்தான் இருமினார்.

தண்டபாணி ஓடி வந்தான், பின்னால் மில் ஆட்கள் இரண்டு பேர்.

"டேய், கீழ போட்றா அதை!"

"நாங்க குடிச்ச கிண்ணம் இது. என் கிண்ணத்தை நான் ஒடைக்கிறேன். உங்களுக்கு என்ன?"

"கிண்ணமா? கிண்ணத்துல குடிக்கிற சாதியாடா நீ?"

அம்பிகாபதி சிரித்தான். "அதைத்தான் போர்டுல எழுதுன்னேன், நீ எழுதல. வாயால சொல்லிட்ட, போதும்" என்றான். அந்தச் சிரிப்பு அப்படியே அவன் அம்மாவின் சிரிப்பு.

மில் ஆட்கள் அவன் கைகளைப் பின்னால் இழுத்துப் பிடித்தார்கள். தண்டபாணி சம்மட்டியைப் பிடுங்கினான். அவனுக்கு அந்தக் கனம் பழக்கமில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு நொறுங்கியது, அது கல்லைவிட மெல்லிய சத்தம். அம்பிகாபதி முட்டிபோட்டுக் கல்லின் மேல் சாய்ந்தான். தண்டபாணி மறுபடியும் ஓங்கினான். நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன், பந்தல்காரர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். "கல்லு! தண்டபாணி, கல்லு! பார்த்துடா!" என்று. அவன் பார்த்துத்தான் அடித்தான். கல்லில் படவில்லை.

பிறகும் அடித்தான். மில் ஆட்களில் ஒருவன் "போதும் மொதலாளி, போதும் மொதலாளி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லிக்கொண்டே கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள், இதுதான் முக்கியம். அம்பிகாபதியின் தலை மேட்டுக் குழியின் மேல் கிடந்தது. குழி நிறைந்தது. சாமந்தி இதழ்கள் மேலே மிதந்து வந்தன. விளிம்பு வரை வந்து ஒரு நிமிஷம் நின்றது, மூச்சுப் பிடித்த மாதிரி. பிறகு வாய்க்காலில் இறங்கியது. உறையவில்லை அம்மா! ஓடியது. இரண்டாவது குழி, அது நிறைந்து அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு துளி வெளியே சிந்தவில்லை. வெட்டியவன் சரிவை அவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பண்ணியிருக்கிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சார் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன். வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்விக்குப் பதில் கண்ணெதிரே ஓடுகிறது, பார்க்க அவர் இல்லை.

அழாதே அம்மா. நானும் அழுதேன். அவருக்காக.

கன்னியம்மாவுக்கு யார் போய்ச் சொன்னார்களோ. வந்தாள். ஒப்பாரி இல்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. நேராகக் கல்லின் கீழ்ப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். கடைசிக் குழிக்கு இன்னும் வந்து சேரவில்லை. அந்த வாய்க்காலில் நுனி மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தன் குழியை மூடிக்கொண்டாள். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சின்னம்மா, நீங்க பாத்தீங்கதானே?"

ரத்தம் அவள் கையில் வந்து முட்டிப் பக்கவாட்டில் சிந்தியது. அவள் கையை எடுக்கவில்லை. மறுபடியும் கேட்டாள். "நீங்க பாத்தீங்கதானே சின்னம்மா?"

அதே கேள்வியைத்தான் இன்று கோர்ட்டில் கேட்கப்போகிறார்கள்.

அன்று சாயங்காலமே காலனியில் தீ. கூரைவீடு ஒன்று பாக்கியில்லை. மில் லாரியில் ஆட்கள் வந்து இறங்கியதாகச் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது. ஒரு கிழவர் கட்டிலோடு கருகிப்போனார். பதிலுக்கு அவர்கள் மில்லின் கண்ணாடிகளை உடைத்தார்கள், போலீஸ் வந்து கிடைத்தவர்களை எல்லாம் அடித்தது. யாரும் கல்லைப் பற்றிக் கவலைப்படவில்லை. போலீஸ்காரர்கள் உடைந்த மூலையைச் சாக்கில் கட்டி எடுத்துப்போனார்கள். அதோடு விட்டார்களா? தடயமெல்லாம் எடுத்தபின் யாரோ ஒரு புத்திசாலி ஃபினாயில் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் கல்லைத் தேய்த்துக் கழுவியிருக்கிறான். மூவாயிரம் வருஷத்து மெருகு! அந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மில் ஆட்கள் இரண்டு பேரும் அந்த நேரத்தில் டீக்கடையில் இருந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பந்தல்காரர்களுக்குச் சத்தம்தான் கேட்டதாம். மிச்சம் நான். அவன் தானாகவே வழுக்கி விழுந்தான், சம்மட்டி அவன் மேலேயே விழுந்தது என்பது வக்கீலின் கட்சி. "அம்மா பொய் சொல்ல வேண்டாம். கவனிக்கலன்னு மட்டும் சொன்னா போதும்" என்கிறார். தண்டபாணி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் என் காலைக் கட்டிக்கொண்டு படுப்பான்.

நான் பொய் சொல்ல மாட்டேன் அம்மா. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உண்மையைத்தான் சொல்லப்போகிறேன். நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது உண்மையா இல்லையா, நீயே சொல்.

என்ன கேட்கிறாய்? சத்தமாகச் சொல், இஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை.

முதல் அடி தோளில் விழுந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றா?

சொன்னேனா அப்படி?

ஏதோ பேச்சுவாக்கில் வந்திருக்கும். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீ ரொம்ப நல்லவள், இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டாய். அங்கே இப்படியெல்லாம் கேட்க விடமாட்டார்களாம். ஒரே கேள்வி, ஒரே பதில்.

கோர்ட்டு ஸ்டாப்பிங் வந்துவிட்டது. பையை எடு. அந்தச் சிவப்புச் சுவர்தான் கோர்ட்டு. கேட்டுக்குப் பக்கத்தில் கூட்டமாக நிற்பவர்கள் காலனிக்காரர்கள். நடுவில் வெள்ளைப் புடவை, அதோ, அவள்தான். கன்னியம்மா. இளைத்துவிட்டாள். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் போலிருக்கிறது. என்னைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் முன்னால் சேர்த்து நீட்டுகிறாள் பார். கும்பிடுகிறாளா, இல்லை அந்தக் காலம் மாதிரி குவித்துக் காட்டுகிறாளா?

எனக்கு இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை அம்மா. வெயில் கண்ணைக் கூசுகிறது. நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.